அமுக்கு, தூக்கு, திருப்பாதே

ஐஸ்கட்டி விற்கிறவன் பெண்டாட்டி சொன்னாளாம். அவளுக்கு யார் சொன்னது என்று கேட்டால், கோழித் தீவனக் கடையில் பேசிக்கொண்டார்களாம். பாலர் பள்ளி மேம் லோலெங், ஊரில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு சாமானைக் கேட்டு வாங்குகிறாள். சீப்பு, முள்கரண்டி, சல்லடை, பாட்டில் மூடி, எதுவானாலும் சரி. அதற்குக் கறுப்பு மை பூசிக் காகிதத்தில் ஒற்றி எடுக்கிறாள். சாமானைக் கழுவித் துடைத்துக் கொடுத்துவிடுகிறாள். ஆனால் அந்த வீட்டுக்கு வரவேண்டிய நல்லதெல்லாம் காகிதத்தில் ஏறி அவளிடமே தங்கிவிடுகிறது. இப்படி ஊராருடைய அதிர்ஷ்டம் அத்தனையையும் சேர்த்துக் கட்டி, வளைகுடாவில் காணாமல்போன மகளை அதை வைத்து இழுத்து வரப் போகிறாளாம்.

இந்தப் பேச்சை மனாங் பாசிங்தான் கொண்டுவந்தாள். தலையிலிருந்த மீன் பேசினைப் பாலர் பள்ளி வாசற்படியில் இறக்கிவைத்து, சும்மாட்டுத் துணியாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். லோலெங்கின் கணவன் ருஃபினோவுக்கு அவள் சொந்த அக்காள். மனாங் என்றால் அக்காள், அந்த முறையில் லோலெங்குக்கும் மனாங்.

"சிரிக்காதே லோலெங். இன்னிக்கு மேலத்தெருவுல ஒருத்தியும் மீன் வாங்கலை. உன் கை பட்ட பேசினோன்னு எட்டி எட்டிப் பாக்கறாளுங்க."

"உங்க பேசினை நான் எப்ப மனாங் தொட்டேன்?"

"தொட்டியோ தொடலையோ, நான் உனக்கு நாத்தனாராச்சே. அந்தத் தோஷம் போதாதா?"

"ஊர் அதிர்ஷ்டம் பூரா எங்கிட்ட இருந்தா எனக்கு ஒரு லாட்டரியாவது விழுந்திருக்கணுமே."

"அதைத்தான் நானும் சொன்னேன். இந்த ஊர் அதிர்ஷ்டத்தை மொத்தமாக் கொண்டுபோய்ச் சந்தையில வெச்சாக்கூட ஒரு அழுகின முட்டை குடுக்கமாட்டான்னேன். அதுக்கும் கோவிச்சுக்கிட்டாளுங்க."

லோலெங் சிரித்தாள். சிரிக்கும்போதே கண் ஜன்னல் பக்கம் போய்த் திரும்பியது. ஜன்னல் சட்டத்தில் ஓர் ஆணி. ஆணியில் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை. உறைக்குள் போன். பாசிங்கும் அதைப் பார்த்தாள். பார்க்காததுபோல் பேசினைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

குன்றுக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடக்கிற ஊர் இது. வீட்டுக்குள் சிக்னல் வராது. கூடைப்பந்துத் திடலில் ஒரு மூலை, தேவாலயப் படிக்கட்டு, பாலர் பள்ளியின் பின்ஜன்னல், இந்த மூன்று இடத்தில்தான் வரும். வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீட்டுக்காரர்கள் சாயங்காலத்தில் படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்து ஆளுக்கொரு திசையில் கத்திக்கொண்டிருப்பார்கள். லோலெங்குக்கு அந்த அவஸ்தை இல்லை என்று முன்பெல்லாம் பொறாமைப்படுவார்கள். அவளுக்கு வேலை செய்யும் இடத்திலேயே ஜன்னல் இருந்தது.

மகள் ஜோவிலின் வளைகுடாவிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் கூப்பிடுவாள். சுவரில் வெள்ளை ஓடு பதித்த ஒரு சமையலறையில் நின்று, அடுப்பில் இருப்பதை அம்மாவுக்குக் காட்டி, "நனாய், இதுல உப்பே போடமாட்டாங்க, நோயாளி சாப்பாடு மாதிரி" என்பாள். கடைசியாகக் கூப்பிட்டபோது சமையலறையைக் காட்டவில்லை. முகத்தை மட்டும் மிகப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசினாள். "என்னை வேற வீட்டுக்கு மாத்தறாங்க நனாய். இந்த அம்மாவோட தங்கச்சி வீட்டுக்கு. அங்க போனை வாங்கி வெச்சுக்குவாங்களாம். வெள்ளிக்கிழமை மட்டும் குடுப்பாங்க." அதற்கப்புறம் வெள்ளிக்கிழமைகள் வந்தன, போயின.

மகளை அனுப்பிவைத்த ஏஜென்சிக்கு லோலெங் விடாமல் கூப்பிட்டாள். ஒருநாள் இளைஞன் ஒருவன் எடுத்தான்.

"உங்க பொண்ணு அந்த வீட்லேர்ந்து போயிட்டாங்க மேம்."

"எங்க போயிட்டா?"

"அது தெரியலை மேம். ஓடிப்போனதா வீட்டுக்காரங்க சொல்லியிருக்காங்க."

"பாஸ்போர்ட் யார்கிட்ட இருக்கு?"

"வீட்டுக்காரங்ககிட்ட."

"போனு?"

"அதுவும் அவங்ககிட்டதான் இருக்கும்னு நினைக்கிறேன்."

"போன் இல்லாம, பாஸ்போர்ட் இல்லாம, பாஷை தெரியாத ஊர்ல என் பொண்ணு எங்க தம்பி ஓடுவா? செருப்பாவது போட்டிருந்தாளா?"

அவன் ஏதோ தாளைப் புரட்டினான். பிறகு, "நானும் சம்பளத்துக்கு உக்காந்திருக்கிறவன்தான் மேம். ஏதாவது தெரிஞ்சா நாங்களே கூப்பிடுவோம். மணிலா நம்பர்லேர்ந்து வரும். எடுங்க" என்றான்.

மணிலா நம்பர் என்றால் என்னவென்று இந்தப் பக்கத்து ஊர்களில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தச்சன் வீட்டுக்கு அப்படித்தான் ஒரு நம்பர் வந்தது. எடுத்துப் பேசினார்கள். அடுத்த வாரம் விமான நிலையத்துச் சரக்குக் கிடங்கில் சவப்பெட்டியை வாங்கப் போய் நின்றார்கள்.

அன்றிலிருந்து லோலெங் பாலர் பள்ளியை விட்டு அசையவில்லை. பிள்ளைகள் போனபிறகும் இருந்தாள். சனிக்கிழமையும் வந்தாள், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வந்தாள். ஜன்னலுக்குக் கீழே வெறுமனே உட்கார்ந்திருந்தால் அந்த உறையையே பார்த்துக்கொண்டிருக்கத் தோன்றியது. பார்க்கப் பார்க்க அதற்குள் போன் மினுங்குவதுபோல் ஒரு மயக்கம். கைக்கு வேலை கொடுத்தாகவேண்டும். அவளுக்குத் தெரிந்த வேலை காகிதத்துக்குக் கோலம் ஏற்றுவது.

பல வருடங்களாகச் செய்துவருவதுதான். பாலர் பள்ளிகளுக்கு வண்ணக் காகிதம் வரும் என்பார்கள், எந்த வருடமும் வந்ததில்லை. பழைய காலண்டரின் பின்பக்கமும் போன தேர்தலின் துண்டுப் பிரசுரமும் வேண்டிய மட்டும் கிடைத்தன. சுவருக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட்டில் மரவள்ளிக் கூழைக் கலந்தால் மை. மற்றதெல்லாம் வீட்டிலேயே இருக்கிறது. மை பூசிய காகிதத்தில் முள்கரண்டியை இழுத்தால் மழை. சீப்பை வளைத்து இழுத்தால் கடல். சோடா மூடியை வரிசை வரிசையாக ஒற்றினால் மீன் செதில். வெண்டைக்காயை நறுக்கி ஒற்றினால் வானம் நிறைய நட்சத்திரம். வாழைமட்டையைக் குறுக்கே வெட்டினால் உள்ளே இருக்கிற கட்டங்கட்டமான அறைகள் அப்படியே வலையாக விழும். பீர்க்கங்கூடு பாறை, ரப்பர் செருப்பின் அடி உழுத வயல். இவை காய்ந்ததும் பிள்ளைகள் வெட்டுவார்கள், கிழிப்பார்கள், அட்டையில் ஒட்டுவார்கள். அப்போது காகிதம் மறுபடி மழையாகவும் மீனாகவும் ஆகும்.

வித்தை ஒன்றும் பெரிதில்லை. ஒரே ஒரு விதி. அதைப் பிள்ளைகள் பாட்டாகவே பாடுவார்கள்.

"அமுக்கு! தூக்கு! திருப்பாதே!"

அமுக்கிவிட்டுத் தூக்கும்போது கை கொஞ்சம் திரும்பினால் போதும், கோலம் இழுகிவிடும். எந்தப் பிள்ளைக்கும் முதலில் திருப்பத்தான் தோன்றும். லோலெங் அந்தக் குட்டி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "நேரா, இண்டாய், என் கண்ணு. சோத்துப் பானை மூடியைத் திறக்கற மாதிரி நேரா" என்பாள்.

ஆண்டுவிழா மேடைக்குப் பின்னால் கட்டுவதற்கு இந்த வருடம் பெரிய படம் ஒன்று. பெயர் 'எங்கள் வீடு'. ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த சாமானில் காகிதம் செய்து, அதில் தன் வீட்டையும் வீட்டு ஆட்களையும் வெட்டி ஒட்டவேண்டும். ஊர்ப்பேச்சு கிளம்பியது இதனால்தான். ஒரு தாய் வந்து, தேங்காய்த் துருவிக்கு இப்போதே வேலை இருக்கிறது என்று வாங்கிப்போனாள். இன்னொருத்தி உள்ளே வராமல் ஜன்னல் வழியாகவே கை நீட்டினாள்.

"எங்க சல்லடையைக் குடுத்துடுங்க மேம். தப்பா நினைக்காதீங்க. எங்க வீட்டுக்காரர் கப்பலுக்குப் போகப்போறார், மெடிக்கல் டெஸ்ட் இருக்கு."

"சல்லடைக்கும் மெடிக்கலுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒண்ணுமில்லை மேம். ஆனா எதுக்கு வம்பு?"

லோலெங் கொடுத்துவிட்டாள். அந்தப் பெண்ணின் மேல் கோபம் வரவில்லை. மேமாக இல்லாமல் இருந்தால் தானும் அந்த ஜன்னலில் வந்து கை நீட்டியிருப்போமோ என்று தோன்றியது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

பிரின்சஸ் என்றொரு ஐந்து வயதுக்காரி. அவள் அம்மா ஹாங்காங்கில் வீட்டுவேலை செய்கிறாள், பிள்ளை தவழத் தொடங்குமுன் போனவள். பிரின்சஸ் வீட்டிலிருந்து கெட்டுப்போன பழைய போன் ஒன்றைக் கொண்டுவந்தாள். லோலெங் அதைப் பிரித்து ரப்பர் பொத்தான் தகட்டை எடுத்துக் கொடுத்தாள். பிள்ளை அதை ஒற்றி ஒற்றி ஒரு தாள் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்களை நிரப்பினாள். காய்ந்ததும் வெட்டி ஒட்டினாள். கூரை, சுவர், மாமா, நாய். மாமாவுக்குப் பக்கத்தில் ஒரு நீளச் சதுரம்.

"இது கதவா?" என்றாள் லோலெங்.

"மம்மி."

"மம்மிக்குக் கை கால் இல்லையா?"

"இருக்கும்" என்றாள் பிரின்சஸ், அதைப் பற்றி இதுவரை யோசித்ததில்லை என்பதுபோல. "உள்ள இருக்கும்."

லோலெங் எழுந்து பசைக் கிண்ணத்தைக் கழுவப் போனாள். கிண்ணம் கழுவி முடிந்தபிறகும் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

மறுநாள் பாசிங் மறுபடி வந்தாள். இந்தத் தடவை பேசினை இறக்கவில்லை.

"இந்தப் படத்தை விட்டுடு. மேடைக்குப் பின்னால ஒரு திரைச்சீலையைக் கட்டு, முடிஞ்சுபோச்சு. ஊர்ல பேசறதைக் கேட்டா என் தம்பி ஓட்டற டிரைசைக்கிள் வண்டியில ஆள் ஏறமாட்டாங்க."

"படம் பிள்ளைங்களோடது மனாங். இந்த மூடநம்பிக்கைக்கெல்லாம் பயந்தா நான் எப்படிப் பாடம் நடத்தறது?"

"மூடநம்பிக்கை!" பாசிங்கின் குரல் ஏறிவிட்டது. "டிரெய்னிங் போய்ச் சர்டிபிகேட் வாங்கிட்டா எல்லாமே மூடநம்பிக்கைதான். அன்னிக்கும் இதையேதான் சொன்னே. மேசையில இருந்த அத்தனை பேரும் திருப்பினோம், நீ ஒருத்திதான்..."

நிறுத்திக்கொண்டாள். ஆனால் சொல்லியாகிவிட்டது. பேசினில் ஒரு மீன் வாலை அடித்துத் தண்ணீர் சிந்தியது.

இந்தப் பக்கத்தில் சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் பயணம் கிளம்பினால், மேசையில் மிச்சம் இருக்கிறவர்கள் ஆளுக்கொரு தடவை தங்கள் தட்டைத் திருப்பிவைக்க வேண்டும். அரைவட்டம் போதும். அப்படிச் செய்தால் போகிறவர் போன வழியே நல்லபடியாகத் திரும்புவார். யாரும் அதைப் பற்றி யோசிப்பதில்லை, தும்மினால் மூக்கைத் துடைப்பதுபோல் கை தானாகச் செய்யும். ஜோவிலின் கிளம்பிய காலையில் வேன் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து ஹாரன் அடித்தது. ருஃபினோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினான். மேசையைச் சுற்றி உறவுக்காரர்கள், பூண்டுச் சோறு, உலர்ந்த மீன், பொரித்த முட்டை. ஜோவிலின் பாதிச் சாப்பாட்டில் எழுந்தாள். கலகலவென்று தட்டுகள் திரும்பின. லோலெங்குக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் மகள் நொறுங்கிவிடுவாள் என்று, பள்ளிக்கூடக் குரலை வரவழைத்துக்கொண்டு, "என்ன கூத்து இது, சோறு ஆறுது, சாப்பிடுங்க எல்லாரும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஜோவிலினும் சிரித்துக்கொண்டேதான் போனாள்.

தன் தட்டை அவள் தொடவில்லை. பாசிங் அதைப் பார்த்திருக்கிறாள். இத்தனை நாளும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள்.

"நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கிட்டுச் சொல்லலை" என்றாள் பாசிங்.

"தெரியும் மனாங்."

"வாய், லோலெங். இந்த வாயை மீனுக்குப் பதிலா வித்துட்டு வரணும்."

 உள்ளே பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். அமுக்கு, தூக்கு, திருப்பாதே. முதன்முறையாக அந்தப் பாட்டு லோலெங்கின் காதில் விழுந்தது. அதைப் பாட்டாகக் கட்டியவளே அவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேரே பாசிங் வீட்டுக்குப் போனாள். ஜோவிலின் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி வழியனுப்பு விருந்துக்குத் தட்டுகள் அங்கிருந்துதான் இரவல் வந்திருந்தன. வெள்ளைப் பீங்கான், ஓரத்தில் கோடுகூடக் கிடையாது. மறுநாள் காலையிலும் அதிலேயேதான் சாப்பிட்டார்கள்.

"தட்டு வேணும் மனாங்."

எதற்கென்று பாசிங் கேட்கவில்லை. அலமாரியைத் திறந்தாள். "அன்னிக்கு நீ சாப்பிட்ட தட்டு எது?"

"தெரியலை. எல்லாம் ஒண்ணுபோல இருக்கே."

பாசிங் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள், அதில் ஏதோ தெரியும் என்பதுபோல. பிறகு அடுக்கோடு தூக்கி லோலெங்கின் கையில் வைத்தாள். "எல்லாத்தையும் கொண்டுபோ. உடைஞ்சா உடையட்டும்."

பாலர் பள்ளியில் யாரும் இல்லை. லோலெங் மேசையில் ஒரு காலண்டர் தாளை விரித்தாள். தட்டைக் கவிழ்த்து அடிவட்டத்தில் நீல மை பூசினாள். தாளில் வைத்து அமுக்கினாள். மணிக்கட்டு இறுகி நின்றது. இத்தனை வருடமாகப் பழக்கிய கை, நேரே தூக்கத்தான் பார்த்தது. அதை வற்புறுத்தித் திருப்பவேண்டியிருந்தது. மெதுவாக, அரைவட்டம். எடுத்துப் பார்த்தால் வட்டம் இழுகிச் சுழியாகக் கிடந்தது. அடுத்த தட்டு. அதற்கடுத்தது. எது தன் தட்டு என்று தெரியாததால் ஒன்றையும் விடமுடியவில்லை. நடுநடுவே போன் அடித்ததுபோல் இருக்கும். கந்தலில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடுவாள். உறையெல்லாம் நீல விரல் தடம்.

ருஃபினோ டிரைசைக்கிளைத் திடலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். மேசை, தரை, கொடிக்கயிறு, எங்கும் சுழிகள்.

"இதென்ன, புயல் எச்சரிக்கையா? இத்தனை புயல் ஒண்ணா வந்தா நம்ம ஊர் தாங்காதே."

"தட்டு."

"தெரியுது, எங்கக்கா தட்டு. நாளைக்கு இதுல மீனை வெச்சா மீனும் நீலமா வரும்."

அவள் சிரிக்கவில்லை. அவன் பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தான். முழங்கால் மோவாய் வரைக்கும் வந்தது.

"நான் திருப்பலை, பினோ. அன்னிக்கு நான் ஒருத்திதான் திருப்பலை."

அவன் தரையில் கிடந்த ஒரு சுழியைக் கால் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தான். ஈரம்.

"நீ திருப்பலைன்னு எனக்கு அப்பவே தெரியும், லெங். அதான் உனக்கும் சேர்த்து நான் திருப்பினேன்."

"நீயா?"

"ஆமா. ரெண்டு தடவை."

அவன் அப்போது மேசையில் இல்லை. வேனின் பின்கதவைத் திறந்து பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தான். ஜன்னல் வழியாக அவன் முதுகு தெரிந்தது, சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது, அந்த முதுகைப் பார்த்துத்தான் அவளுக்கு அழுகை முட்டியது. அவளுக்குத் தெரியும் என்பதும் அவனுக்குத் தெரியும்.

"எந்தப் பக்கமாத் திருப்பினே?"

யோசித்தான். "வலப்பக்கமா."

"சரி" என்றாள் லோலெங். அடுத்த தட்டை எடுத்து மை பூசினாள். அவன் போகவில்லை. கொஞ்சநேரம் கழித்து எழுந்து வந்து, அவள் அமுக்கும்போது தாள் நகராமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான்.

திங்கட்கிழமை பிள்ளைகள் வந்து பார்த்தார்கள். கொடிக்கயிறு நிறைய நீலச் சுழிகள். பிரின்சஸ் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"மேம், யாரு இதைத் திருப்பினது?"

"நான்தான்."

"திருப்பக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க!"

"ஆமா."

"கெட்டுப்போச்சு பாருங்க."

"ஆமா இண்டாய். கெட்டுப்போச்சு."

பிரின்சஸ் கொஞ்சம் இரக்கப்பட்டாள். "எனக்கு ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்கி, ஒரு சுழியை வட்டமாக வெட்டினாள். தன் அட்டையில் அந்த நீளச் சதுரத்துக்கு மேலே அதை ஒட்டினாள்.

"இதென்ன, சூரியனா?"

"ஃபேன். மம்மி பேசும்போது மேல சுத்துமில்ல, அது."

லோலெங் அந்த அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தாள். ஜோவிலின் கடைசியாகப் பேசியபோது தலைக்கு மேலே என்ன இருந்தது என்று நினைவுபடுத்திப் பார்த்தாள். முகம்தான் வந்தது. முகத்தை அவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்துக்குப் பின்னால் என்ன இருந்தது, சுவரா, கதவா, யாராவது நின்றார்களா, எதையும் பார்க்காமல் விட்டுவிட்டாள். உப்பு போடுகிறார்களா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பத்து மணிக்குச் சத்துணவு. சமைக்கிற முறை அன்றைக்கு எந்த வீட்டுக்கோ அந்தத் தாய் சோறும் முருங்கைக்கீரை போட்ட பாசிப்பயறுக் குழம்பும் கொண்டுவந்தாள். சல்லடை வாங்கிப்போனவள்தான். லோலெங்கின் முகத்தைப் பார்த்தாள், சுழிகளைப் பார்த்தாள்.

"நீங்களும் உக்காருங்க மேம். என்னிக்குத்தான் சாப்பிட்டீங்களோ."

"பிள்ளைங்க சாப்பிடட்டும்."

"நீங்க உக்காந்தாத்தான் இதுங்க முருங்கைக்கீரையை ஒதுக்காது. உக்காருங்க."

லோலெங் குட்டி மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். தட்டு வந்தது. பிளாஸ்டிக் தட்டு, ஓரத்தில் வாத்துகள். ஒரு வாய் எடுத்து வைத்தாள். எதிரே ஒரு பையன் கீரையை மேசைக்கு அடியில் நாய்க்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

போன் அடித்தது.

மயக்கம் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் பிள்ளைகள் எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்கள். உறை ஆணியில் அதிர்ந்து சுவரில் தட்டியது. லோலெங் எழுந்தாள். நாற்காலி பின்னால் விழுந்தது. உறையைப் பிடுங்கினாள். நீலத் தடங்களுக்கு அடியில் திரை தெரிந்தது. ஜோவிலினின் படம் அதில் வரவில்லை. மகள் என்றால் படத்தோடு வரும். இது வெறும் எண். முன்னால் மணிலாக் குறியீடு.

அவள் கட்டைவிரல் உறைக்கு மேலே நின்றது. விரலும் நீலமாகத்தான் இருந்தது, நேற்றிலிருந்து எத்தனை கழுவியும் போகவில்லை. எடுத்தால் ஒரு குரல் மேம் என்று கூப்பிடும். அதற்கு அடுத்த வார்த்தை என்னவாகவும் இருக்கலாம். கண்டுபிடித்துவிட்டோம் என்றிருக்கலாம். தச்சன் வீட்டுக்கும் அப்படித்தான் சொல்லத் தொடங்கினார்கள்.

"மேம் எழுந்துட்டாங்க!" பிரின்சஸ் கத்தினாள். "சாப்பாட்டு நேரத்துல மேம் போறாங்க! எல்லாரும் தட்டைத் திருப்புங்க!"

குட்டிக் கைகள் பாய்ந்தன. வாத்துத் தட்டுகள் சரசரவென்று மேசையில் திரும்பின. பயறு சிந்தியது. சமைத்த தாய் கையில் கரண்டியோடு வாசலில் அப்படியே நின்றாள். கீரையை ஒதுக்கிய பையன் ஒருதடவை திருப்பியது போதாதென்று திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தான். பிரின்சஸ் தன் தட்டை முடித்துவிட்டு, தலைமாட்டில் ஆளில்லாமல் கிடந்த தட்டைப் பார்த்தாள். மேசையின் மேல் வயிற்றை அழுத்திப் படுத்து, எட்டி, இரண்டு கையாலும் அதைப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, சிந்தாமல் மெதுவாகத் திருப்பத் தொடங்கினாள்.

லோலெங் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தட்டு முழுசாகத் திரும்பட்டும் என்று நின்றாள். கையில் போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.